பத்தடி நாலே முக்கால் இஞ்ச்

பாலசமுத்திரம்
6.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சொர்ணலட்சுமி எழுதுவது. உறை வாங்கப் போனபோது போஸ்டாபீஸ்காரர், "ஏனுங்க டீச்சர், இந்தக் காலத்துல கடுதாசிங்களா?" என்று சிரித்தார். போனை எடுக்காத அண்ணன் வாய்த்தால் வேறென்ன செய்வது? செவ்வாய்க்கிழமையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். நேற்று அண்ணிதான் எடுத்தார். "அவுக பட்டறையவே தெறக்கல தாயி. செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடக்காக" என்றார். மற்றதெல்லாம் சித்தப்பா மகள் சத்யபிரியா சொல்லித்தான் தெரிந்தது.

பங்குனிப் பொங்கலுக்கு நான் இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. பரீட்சை வேலை, விடவில்லை. இத்தனை வருஷமாக மூங்கிலைக் கட்டி, மல்லிகைப்பூ சுற்றி, அந்த முக்கோண வாசலுக்குள்தான் அம்மன் சப்பரம் வருகிறது. தெருவுக்கு ஒரு பக்கமாக மூன்று தெருவும் பூக் கட்டும். ஒரு பக்கம் ஒரு முழம் கூடினாலும் வெட்டுக்குத்து வரும் என்பதால்தான் மூன்றும் சமம். கண்ணளவில் கட்டிய மூங்கிலில் ஒரு வருஷமாவது அம்மன் இடித்ததுண்டா? உங்களை நம்பி முதல் தடவையாக இரும்பில் செய்யச் சொன்னார்கள். மூன்றடி குட்டையாக நின்றதாம். அம்மனுடைய கிரீடம் பைப்பில் மோதியதாம். எப்படி அண்ணே?

நீங்கள் மார்ச் மாதம் போனில் கேட்டீர்கள். "உசரம் பன்னெண்டடி, மூணு பக்கமும் சமம், பக்கம் எம்புட்டு வரும்?" என்று. நான் அப்போதே கணக்குப் போட்டுச் சொன்னேன். அதை ஒழுங்காகக் குறித்துக்கொண்டீர்களா? டேப்பை எங்கே பிடித்தீர்கள்? சின்ன வயதிலிருந்து உங்களிடம் இந்த அவசரம் உண்டு. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

இன்னொன்று. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் தலைமையாசிரியைக்கு நிலக்கோட்டையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் என் பிள்ளைகள் ஐந்து வருஷமாக ஒருவர்கூடத் தவறவில்லை. அளவு நான் சொன்னது என்று யாரிடமாவது பேச்சு வந்தால், தயவுசெய்து என் பெயரை இழுக்காதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். ஹரிணி மாமாவைக் கேட்டாள்.

தங்கை,
சொர்ணம்

நிலக்கோட்டை
11.4.2025

அன்புத் தங்கச்சி சொர்ணத்துக்கு,

ஒச்சப்பன் எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணி பெருமாயி எதையும் பெரிதாக்கிச் சொல்லுவாள். கொசு கடித்தால் பாம்பு என்பாள்.

தப்பு என்மேல்தான். டேப்பைப் பிடிக்கையில் கவனம் பிசகிவிட்டது. உன் பெயரை நான் எங்கும் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நடந்ததைக் கேட்டாய். காலையிலேயே சட்டத்தை நிறுத்திவிட்டோம். மத்தியானம் வரை மூன்று தெருப் பெண்களும் பூச்சுற்றினார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. சாயங்காலம் சப்பரம் வந்தது. தோளில் ஏற்றினால் குடையோடு எட்டடி, அகலம் நாலடி. உள்ளே நுழையவே இல்லை. குடையைக் கழற்றினார்கள். அப்போதும் இல்லை. தூக்கியவர்கள் முழங்காலை மடக்கி, சப்பரத்தைச் சரித்ததில் ஒரு பக்கத்துப் பூவெல்லாம் பிய்ந்து விழுந்தது. கிரீடம் டங்கென்று பைப்பில் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். கடைசியில் போல்ட்டைக் கழற்றிச் சட்டத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, அம்மனை வெறும் ரோட்டில் கொண்டுபோனார்கள்.

ஊர்ப்பெரியவர் இருளப்பன் மைக்கிலேயே, "அம்மனையே குனிய வச்சுட்டியேடா" என்றார். இப்போது அதுதான் எனக்குப் பெயர். டீக்கடைக்குப் போனால் கடைக்காரன், "வாராருப்பா, அம்மனைக் குனிய வச்சவரு" என்கிறான். இரும்புக் கதவுக்குச் சொல்லியிருந்த ரெண்டு வீட்டுக்காரர்களும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். "ஏலே, ஒன் அளவுல அடிச்சா நாங்களும் குனிஞ்சுதானே போகணும்" என்று ஒருத்தன் சிரிக்கிறான். நானும் கூடவே சிரித்துவிட்டு வந்தேன்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. மூன்று பைப்பும் பத்தடி நாலே முக்கால் இஞ்ச். மயிரிழை கூடக் குறைய இல்லை. வெல்டிங்கும் உறுதி.

நீ உன் வேலையைப் பார். பிள்ளைகளைப் பாஸ் பண்ண வை.

அண்ணன்,
ஒச்சப்பன்

பாலசமுத்திரம்
17.4.2025

அண்ணே,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று நாளாக எழுதிக் கிழித்துப் போடுகிறேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

பத்தடி நாலே முக்கால் இஞ்ச் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அது நீங்கள் தவறாக அளந்த அளவு இல்லை. அது நான் சொன்ன அளவு.

கரும்பலகையில் எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன்! சமபக்க முக்கோணத்தின் உச்சியிலிருந்து கீழே நேராக ஒரு கோடு இறக்கினால் அடிப்பக்கம் இரண்டு பாதியாகும். பக்கம் தெரிந்து உயரம் வேண்டுமென்றால் பக்கத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். உயரம் தெரிந்து பக்கம் வேண்டுமென்றால் அப்படியே தலைகீழ். உயரத்தை இரண்டால் பெருக்கி, மூன்றின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பன்னிரண்டை இரண்டால் பெருக்கினால் இருபத்துநான்கு. அதை 1.732 ஆல் வகுத்தால் 13.856. அதாவது பதிமூன்றடி பத்தேகால் இஞ்ச். இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உயரத்தையே பக்கம் என்று வைத்துக்கொண்டு பெருக்கி வகுத்துவிட்டேன். 10.392. பத்தடி நாலே முக்கால்.

விடைத்தாள் கட்டு முன்னால் கிடந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஒரு பிள்ளைக்குச் சைபர் போட்டுக்கொண்டே உங்களுக்கு விடை சொன்னேன். சுவரில் சாத்திய ஏணி சுவரின் உயரத்தைவிட நீளமாகத்தான் இருக்கும். உயரம் பன்னிரண்டு, பக்கம் பத்து என்று எந்தப் பிள்ளையாவது எழுதியிருந்தால் கையை நீட்டச் சொல்லியிருப்பேன்.

என் முதல் கடிதத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. டேப்பை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேனே. அவசரம் என்று சொன்னேனே. என் பெயரை இழுக்காதீர்கள் என்று வேறு! அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், அண்ணி கண்ணில் பட வேண்டாம்.

நான் என்ன செய்வது? ஊருக்கு வந்து சொல்லிவிடலாம் என்று நேற்று பஸ் ஸ்டாண்டு வரை போனேன். நிலக்கோட்டைக்குப் போகத் திண்டுக்கல் பஸ் நின்றது. ஏறவில்லை. ஹரிணிக்கு நோட்டு வாங்க வந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். இவருடைய அம்மா, "எம்மருமவ கணக்குல புலிங்க" என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். புலி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. முப்பது வருஷமாக இரும்பு வெட்டுகிறீர்கள். பைப்பைத் தரையில் போட்டுப் பார்த்தபோது உங்களுக்குத் தெரியவில்லையா?

சொர்ணம்

நிலக்கோட்டை
22.4.2025

சொர்ணத்துக்கு,

கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன். போனில் கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

தெரியும்.

உன்னிடம் கேட்பதற்கு முந்தின நாளே எனக்கு அளவு வந்துவிட்டது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன், பதினாலடி. அதே நீளத்துக்கு நூலை எடுத்து, இந்த முனையில் ஆணி வைத்து ஒரு வளைவு, அந்த முனையில் வைத்து ஒரு வளைவு. ரெண்டும் வெட்டுகிற இடம்தான் உச்சி. உச்சியிலிருந்து கீழே டேப் பிடித்தேன். பன்னிரண்டடி ஒன்றரை இஞ்ச். ஒன்றரை இஞ்ச் கூட. கோட்டை ரெண்டு இஞ்ச் குறைத்து மறுபடி போட்டேன். பன்னிரண்டடி வந்துவிட்டது. பதிமூன்றடி பத்து. நீ இப்போது எழுதியதற்கும் எனக்கும் கால் இஞ்ச்தான் வித்தியாசம்.

அப்புறம் ஏன் உன்னைக் கேட்டேன் என்பாய். முதல் தடவை இரும்பில் செய்கிறோம், சாமி காரியம், படித்தவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நீ பத்தடி நாலே முக்கால் என்றாய். "எனக்குப் பதிமூணடி பத்து வருதே ஆத்தா" என்று சொல்ல வாயெடுத்தேன். நீ, "வேற ஒண்ணுமில்லையேண்ணே, தாள் குமிஞ்சு கெடக்கு" என்றாய். போனை வைத்துவிட்டேன்.

வைத்தபிறகு சாக்பீஸ் கோட்டுக்கு முன்னால் வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஈரச் சாக்கை எடுத்து அழித்துவிட்டேன்.

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி அடிக்க வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் மாமனார், மாப்பிள்ளை, ஒட்டன்சத்திரத்துச் சொந்தம் எல்லோரும் நின்றார்கள். சாய்வு நீளத்தை நான் ஒன்று சொன்னேன், தப்பு. நீ உடனே, "அண்ணே, அது எட்டாங்கிளாஸ் கணக்குண்ணே" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எட்டாவதோடு நின்றவன் நான். நீ அதை நினைத்துச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து நீ ஓர் அளவு சொன்னால் எதிர்த்துக் கேட்க எனக்கு நாக்கு எழாது. மறுபடி ஒரு தடவை சிரித்துவிடுவாயோ என்று பயம். நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு இந்தப் பயம்! எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. சட்டம் கம்பீரமாக நின்றபிறகு, "அளவு போட்டுக் குடுத்தது எந்தங்கச்சி, கணக்கு டீச்சரு" என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தேன். அந்த ஆசையில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன்.

உன் முதல் கடிதத்தைப் பெருமாயி படித்துவிட்டாள். "பேர இழுக்காதீகன்னு எழுதியிருக்காகளே, நீங்க எதுக்கு இப்படிப் பொணமாக் கெடக்கீக" என்று ஒரு பாட்டம் திட்டினாள். எனக்கும் வலித்தது சொர்ணம். வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நீ வர வேண்டாம். ஒரு வீட்டில் ஒருத்தர் பேர் கெட்டால் போதும். என் பேர் ஏற்கெனவே கெட்டுவிட்டது, உன்னுடையது எதற்கு?

ஒச்சப்பன்

பாலசமுத்திரம்
12.5.2025

அண்ணே,

நான் வந்தேன். நீங்கள் மதுரைக்குப் போயிருக்கிறீர்கள் என்று அண்ணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நேற்று வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

சித்திரைக் கடைசி ஞாயிறு என்பதால் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். மூன்று தெருவும் இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று, "முக்கோணத்துக்கு அளவு சொன்னது நான். நான்தான் தப்பாச் சொன்னேன். எங்க அண்ணன் மேல குத்தமில்ல" என்றேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவள்தானே. ஆனாலும் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? இருளப்பன் பெரியப்பா சிரித்தார். "கணக்கு டீச்சருக்குக் கணக்குத் தப்புமா? அண்ணன் பேரு கெட்டுருச்சுன்னு தங்கச்சி பழியத் தூக்கிச் சொமக்குது. ஏப்பா, பொறப்புன்னா இப்படியில்ல இருக்கணும்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் இல்லை இல்லை என்கிறேன், யார் காதிலும் விழவில்லை. பெருக்க வேண்டிய இடம், வகுக்க வேண்டிய இடம் என்று விளக்கினேன். "பாருங்கப்பா, எம்புட்டுத் தெளிவாச் சொல்லுது! இதுக்கா தப்பும்?" என்றார் ஒருவர். பூசாரியைக் கூப்பிட்டு அம்மனுக்குச் சாத்திய சேலையை எடுத்து என் தோளில் போட்டார்கள்.

உண்மையைச் சொல்லப் போய் மரியாதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உங்களுக்கோ பழைய பேரோடு, தங்கச்சியைப் பொய் சொல்ல வைத்தவன் என்று புதுப் பேரும் சேர்ந்துவிட்டது. திண்டுக்கல் வரை பஸ்ஸில் அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, "யாருக்கு என்ன ஆச்சு தாயி?" என்று கேட்டார். சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த மாடிப்படிச் சிரிப்பு எனக்கு ஞாபகமே இல்லை அண்ணே. அதுதான் ரொம்பக் கேவலமாக இருக்கிறது. உங்களை வாய் திறக்க விடாமல் செய்தது என் சிரிப்பு. அது எனக்கு நினைவில்கூட இல்லை.

உங்கள் மாப்பிள்ளையிடமும் தலைமையாசிரியையிடமும் இன்று காலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் நம்பினார்கள். ஊர்தான் நம்பவில்லை. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள். நான் தப்பாகச் சொன்னேன், உங்களுக்குச் சரியான அளவு தெரியும் என்று நீங்களே சபையில் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று மறுபடியும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். நான் கேட்டு நீங்கள் இல்லை என்றது கிடையாது.

சொர்ணம்

நிலக்கோட்டை
22.5.2025

சொர்ணத்துக்கு,

மதுரையிலிருந்து வந்ததுமே பெருமாயி எல்லாம் சொன்னாள். அப்புறம் உன் கடிதம் வந்தது. ரெண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் எதற்குத் தனியாகப் போய் நின்றாய் என்று. அப்புறம் கோபம் என்மேல் திரும்பியது.

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை பூசைக்குப் போனேன். பொங்கலுக்குப் பிறகு கோயில் பக்கம் போனது அன்றுதான். தீபாராதனை முடிந்து எல்லோரும் திருநீறு வாங்கிக்கொண்டு நிற்கையில், இருளப்பனிடம், "ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன். "சொல்லு" என்றார்.

"எந்தங்கச்சி பொய் சொல்லல. அவ சொன்ன அளவு தப்பு. தப்புன்னு எனக்குத் தெரியும். சரியான அளவு முந்துன நாளே எங்கிட்ட இருந்துச்சு. தெரிஞ்சேதான் வெட்டுனேன்" என்றேன்.

இருளப்பன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "தெரிஞ்சே ஏன்டா வெட்டுன?" என்றார். திட்டவில்லை, கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "படிச்ச பிள்ளைகிட்ட நீ சொல்றது தப்புன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

அப்போது கீழத்தெருக் கண்ணம்மாள் அக்கா பேசியது. இந்த வருஷம் முக்கோணத்தில் தரையில் கிடக்கிற பக்கம் அவர்கள் தெருவுக்கு. அம்மன் தாண்டிப் போகிற பக்கம் என்று மூன்று வருஷம் காத்திருந்து வாங்கியது. "எனக்கும்தேன் தெரிஞ்சுச்சு. கொண்டாந்த பூவுல கால்வாசி மிஞ்சிப் போச்சு. என்னடா, சட்டம் குட்டையால்ல இருக்குன்னு நெனச்சேன். வேல வெரசா முடிஞ்சுதேன்னு மிச்சப் பூவப் பங்கு போட்டுத் தலையில வச்சுக்கிட்டோம்" என்றது. மேலத்தெருக்காரி ஒருத்தி, "ஏணி போடாமயே உச்சிக்கிட்ட கை எட்டுச்சு. நமக்கென்னன்னு இருந்துட்டேன்" என்றாள். சப்பரம் தூக்குகிறவர்களில் ஒருத்தன், "தூரத்துலயே தெரிஞ்சுச்சு மாமா, நொழையாதுன்னு. பெரியவரு வாங்க வாங்கன்னு கைய ஆட்டுறாரு, நாம எப்படி நிக்கிறதுன்னு வந்துட்டோம்" என்றான். இருளப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானுந்தேன் பாத்தேன்" என்றார். ஒவ்வொருத்தராக வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நேற்றுக் காலையில் இருளப்பன் பட்டறைக்கு வந்தார். அடுத்த பங்குனிக்கும் நானே செய்ய வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த நாளிலிருந்து நீ சொல்வது தப்பு என்று ஒரு தடவை சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன், அதுவும் ஊர் கூடி நிற்கையில். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. ஊர் முன்னால் உன்னைத் தப்பு என்று சொன்னதற்கு வெட்கமாக இருக்கிறது சொர்ணம். உன்னிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அதைச் சொல்லாமல் விட்டதற்கு இதைவிட வெட்கமாக இருக்கிறது.

அண்ணன்,
ஒச்சப்பன்